இரண்டு பஞ்சாங்கம், ஒரே வானம்

2023-ஆம் ஆண்டு ஜனவரி 28, சனிக்கிழமை. ரத சப்தமி நன்னாள். எருக்க இலைகளைத் தலையிலும் தோளிலும் வைத்து நீராடிச் சூரிய நாராயணரை வணங்கி முடித்த பின்னர், நானும் என் தமையனாரும் வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைக்குப் புறப்பட்டோம். உடன் என் பேரனும் வந்தான். எழுபதைக் கடந்த அண்ணாவும் அறுபதைக் கடந்த நானும் அன்று காணச் சென்றது கோயிலை அன்று. காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தை.

அப்பயணத்திற்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் தந்தையார் ஆனி மாதத் தேய்பிறை நவமியில் இறைவனடி சேர்ந்தவர். அவர் வாழ்நாள் முழுவதும் பாம்புப் பஞ்சாங்கம் பார்த்தவர். அண்ணா அதையே பின்பற்றுகிறார். நானோ பணிநிமித்தம் ஊர் ஊராகச் சென்று, இறுதியில் சென்னையில் குடியமர்ந்து, திருக்கணிதப் பஞ்சாங்கத்திற்குப் பழகிவிட்டேன். பெரும்பாலான ஆண்டுகளில் இரண்டும் ஒரே நாளையே காட்டும். ஆனால் மூன்று ஆண்டுகளில் ஒரு நாள் முன்பின்னாக அமைந்துவிட்டது. ஒரே தந்தைக்கு இரு மகன்கள் இரு வேறு நாளில் சிராத்தம் செய்தோம். முதன்முறை அவ்வாறு நேர்ந்தபோது எங்கள் தாயார் உயிரோடு இருந்தார். சண்டையிடவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. "உங்கள் அப்பா எந்த நாளில் வருவார்?" என்று மட்டும் கேட்டார். எங்கள் இருவரிடமும் பதில் இல்லை.

வானத்தைப் பற்றிய வழக்கை வானத்தைப் பார்ப்பவர்களின் இடத்திற்கே சென்று எண்ணிப் பார்ப்போம் என்பது என் யோசனை. அண்ணா சிரித்துக்கொண்டே உடன்பட்டார்.

காவலூர் ஏன்?

அந்த மலைப்பகுதி எனக்குப் புதிதன்று. 1980-களில் ஆலங்காயம் வட்டாரத்தில் ஒரு வங்கிக் கிளையில் களஅலுவலராகப் பணிபுரிந்திருக்கிறேன். சாமை விதைக்கும் மலைவாழ் மக்களின் கடன் விண்ணப்பங்களைச் சுமந்துகொண்டு அக்காட்டுச் சாலைகளில் அலைந்த காலம் அது. இரவில் திரும்பும்போது, ஊர் விளக்குகள் இல்லாத அவ்விருளில் விண்மீன்கள் கைக்கு எட்டும் தொலைவில் இருப்பதுபோல் தோன்றும்.

அந்த இருளைத் தேடித்தான் வைணு பாப்பு என்னும் அறிஞர் இங்கு வந்தார். 1927-இல் சென்னையில் பிறந்த அவர், 1960-இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார். விண்மீன் ஆய்வுக்குப் புதிய இடம் தேடிப் பல மலைகளை ஆராய்ந்து, கடல்மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் உள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார். இது பூமத்தியரேகைக்கு வடக்கே சுமார் 12½ பாகையில் உள்ளது. ஆகவே வடவானத்துச் சப்தரிஷி மண்டலத்தையும், தென்வானத்து அகத்திய நட்சத்திரத்தையும் திரிசங்குவையும் ஒரே இடத்திலிருந்து காண இயலும். 1968-இல் கொடைக்கானல் பட்டறையிலேயே செய்யப்பட்ட 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் பணி தொடங்கியது. 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. பாப்பு கனவு கண்ட பெரிய தொலைநோக்கி நிறைவு பெறும் முன்பே 1982-இல் அவர் காலமானார். 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் திறந்துவைத்து அவர் பெயரைச் சூட்டினார். இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட அத்தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர் விட்டமுடையது. அதாவது ஏழரை அடிக்குச் சற்று மேல்.

"ஏழரையா? அப்படியானால் சனி பகவானைப் பார்ப்பதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறதே" என்றார் அண்ணா. பேரன் வாய்விட்டுச் சிரித்தான்.

அவர் சனியைக் குறிப்பிட்டது தற்செயலன்று. அதற்குப் பதினொரு நாள் முன்னர், ஜனவரி 17 அன்று, திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி நிகழ்ந்திருந்தது. வாக்கியப்படியோ அவ்வாண்டு டிசம்பர் 20 அன்றுதான் பெயர்ச்சி. திருநள்ளாற்றுத் திருக்கோயிலில் விழா நடைபெற்றதும் அந்த டிசம்பர் நாளில்தான். ஒரே கிரகம் மகரத்திலிருந்து கும்பத்திற்குச் செல்ல இரு கணக்கிற்கிடையே பதினொரு மாத வேறுபாடு! சனி மெல்ல நடப்பவர். ஒரு பாகையைக் கடக்கச் சராசரியாக ஒரு மாதம் எடுத்துக்கொள்வார். இடையில் வக்கிரகதியும் உண்டு. எனவே கணக்கில் சில பாகைகள் வேறுபட்டாலும் நாட்காட்டியில் மாதக்கணக்கில் வேறுபாடு தோன்றிவிடுகிறது.

திதி என்பது யாது?

திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையேயுள்ள கோணத்தின் அளவு. அமாவாசையில் இருவரும் ஒரே திசையில் இருப்பர். அங்கிருந்து சந்திரன் 12 பாகை விலகும் வரை பிரதமை. 24 பாகை வரை துவிதியை. இவ்வாறு முப்பது திதிகள் சேர்ந்து 360 பாகை. வளர்பிறை அட்டமி என்பது 84 பாகையிலிருந்து 96 பாகை வரை. அதன் நட்டநடுவில், 90 பாகையில், நிலவு சரிபாதியாகத் தெரியும்.

சந்திரன் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. பூமிக்கு அருகில் வருகையில் விரைவாகவும் விலகுகையில் மெதுவாகவும் செல்கிறது. ஆகவே திதியின் நீளமும் மாறுபடும். வாக்கியக் கணக்கில் ஒரு திதி சுமார் 54 முதல் 65 நாழிகை வரை இருக்கும். திருக்கணிதத்தில் சுமார் 50 முதல் 67 நாழிகை வரை. வேறுபாடு எங்கே நுழைகிறது என்பதற்கான முதல் தடயம் இதுவே.

மனத்தில் எழுதிய கணிதம்

வாக்கியப் பஞ்சாங்கத்தைக் குறைத்து மதிப்பிடுவோர் அதன் அருமையை அறியாதவர்கள். வரருசியின் பெயரால் வழங்கும் சந்திர வாக்கியங்கள் 248. ஒவ்வொரு வாக்கியமும் பொருளுள்ள ஒரு சிறு சொற்றொடர்; ஆனால் அதன் எழுத்துகளைக் கடபயாதி முறைப்படி எண்களாக மாற்றினால் அன்றைய சந்திரனின் இருப்பிடம் கிடைத்துவிடும். 248 என்ற எண் ஏன்? சந்திரன் பூமிக்கு மிக அருகில் வருவதிலிருந்து மீண்டும் அதே நிலைக்கு வர ஏறத்தாழ இருபத்தேழரை நாளாகிறது. அத்தகைய ஒன்பது சுற்றுகள் சேர்ந்தால் 248 நாள். பிசகு மிகமிகச் சிறிது. எனவே 248 வாக்கியங்களை மனப்பாடம் செய்தவர் ஏடும் எழுத்தாணியுமின்றிச் சந்திரனைக் கணித்துவிடலாம். இம்முறைக்கு அடிப்படையான வாக்கியகரணம் என்னும் நூல் சுமார் 1300-ஆம் ஆண்டளவில் தமிழகத்தில் எழுந்தது.

இக்கலையின் ஆற்றலை நேரில் கண்டு எழுதி வைத்தவர் ஜான் வாரன் என்னும் ஐரோப்பியர். ஒரு காலத்தில் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பில் இருந்தவர் அவர். 1825-இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர், தரையில் சோழிகளை வைத்து நகர்த்தியே, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டு அவ்வாண்டு மே மாத இறுதியில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணத் தொடக்கத்தில் அவர் கணக்குப் பிசகியது 4 நிமிடம். நடுவில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம். கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல்! வியப்பதா, அந்த 52 நிமிடத்தைக் குறை சொல்வதா? இரண்டும் வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வங்கியில் நான் சேர்ந்த காலத்தில் கணினி இல்லை. மாலையில் கல்லாவிலுள்ள ரொக்கத்தை எண்ணிப் பேரேட்டுடன் ஒப்பிட வேண்டும். பேரேடு எவ்வளவு ரொக்கம் இருக்க வேண்டும் என்று சொல்லும்; கல்லா எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். ஒரு ரூபாய் வேறுபட்டாலும் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. பேரேட்டில் பிழை இருந்தால் அதை எழுதியவரை யாரும் அவமதிப்பதில்லை. திருத்தி எழுதிக் கையொப்பமிடுவோம். வானக் கணக்கும் அத்தகையதே. வாக்கியம் பேரேடு என்றால், வானத்தைப் பார்ப்பது ரொக்கத்தை எண்ணுவது.

அட்டமி, நவமியில் மட்டும் ஏன்?

அண்ணாவின் கேள்வி நியாயமானது. "அமாவாசை, பௌர்ணமியில் இரண்டு பஞ்சாங்கமும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றனவே. அப்பாவின் நவமியில் மட்டும் ஏன் தகராறு?"

சந்திரனைப் பூமி மட்டும் இழுப்பதில்லை; சூரியனும் இழுக்கிறது. அவ்விழுப்பின் விளைவு அமாவாசையிலும் பௌர்ணமியிலும் மற்றத் திருத்தத்தோடு கலந்து தனியே தெரியாமல் போகிறது. அட்டமியையொட்டி அது முழுமையாக வெளிப்படுகிறது. நம் முன்னோர் தம் கணக்கைச் சரிபார்த்தது கிரகணங்களைக் கொண்டு. கிரகணமோ அமாவாசையிலும் பௌர்ணமியிலும் மட்டுமே நிகழும். ஆகவே அந்நாட்களில் பழைய கணக்கு நன்கு பொருந்தியது. பாதி நிலவின் நாட்களில் சுமார் இரண்டரை பாகை வரை பிசகியது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 பாகை விலகும் சந்திரனுக்கு இரண்டரை பாகை என்பது சுமார் 5 மணி நேரம். சிராத்தத்திற்குப் பிற்பகலில் திதி இருக்க வேண்டும் என்பது விதி. 5 மணி நேரம் முன்பின்னானால் நாளே மாறிவிடும். எங்கள் வீட்டு வழக்கின் வேர் இதுதான்.

பார்த்துத் திருத்திய பெரியோர்

அண்ணாவின் மனத்தில் ஓர் எண்ணம் உறைந்திருந்தது: வாக்கியம் ரிஷிகளின் வழி, திருக்கணிதம் வெள்ளைக்காரரின் வழி. இவ்வெண்ணம் பலருக்கு உண்டு. வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது.

திருக்கணிதம் என்பதில் உள்ளது மங்கலச் சொல்லான 'திரு' அன்று. 'த்ருக்' என்னும் வடசொல். பார்வை என்பது பொருள். கண்ணால் பார்ப்பதோடு பொருந்தும் கணிதமே திருக்கணிதம். கேரளத்தில் 683-இல் ஹரிதத்தர் பழைய கணக்கைத் திருத்திப் பரஹிதம் என்னும் முறையை வகுத்தார். அதுவும் நாளடைவில் வானத்திலிருந்து விலகியபோது, நிளா நதிக்கரை ஆலத்தூரைச் சேர்ந்த பரமேசுவரர், 55 ஆண்டுகள் கிரகணங்களைக் கண்ணால் பார்த்துக் குறித்து, 1431-இல் 'திருக்கணிதம்' என்ற பெயரிலேயே புதிய முறையைத் தந்தார். அன்று தொலைநோக்கி என்ற கருவியே உலகில் இல்லை. பாதி நிலவில் தோன்றும் சந்திரனின் பிசகுக்கும் 932-இலேயே முஞ்சாலர் தம் லகுமானசம் என்னும் நூலில் ஒரு திருத்தம் கூறியிருந்தார். அது தமிழகத்து வாக்கியக் கணக்கில் சேராமல் போயிற்று, அவ்வளவே.

சென்னையிலும் இத்தகைய ஒருவர் இருந்தார். நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த வானாய்வகத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாசாரியார். 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1868-இல் முழுச் சூரிய கிரகணத்தை வனபர்த்தி சென்று ஆராய்ந்தவர். 1872-இல் இலண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானவர். பகலில் ஆசாரம், இரவில் தொலைநோக்கி என்று வாழ்ந்த அவர்தாம் திருக்கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிட்டு, தம் காலத்துப் பண்டிதர்களிடம் வானத்தைப் பார்த்துக் கணக்கைத் திருத்துமாறு வேண்டினார். அந்தச் சென்னை வானாய்வகமே 1899-இல் கொடைக்கானலுக்குச் சென்றது; அதன் வழித்தோன்றலே காவலூர். ஆக, நாங்கள் நின்றுகொண்டிருந்த இடம் ரகுநாதாசாரியாரின் வழிவந்த இடம்.

விடுதலைக்குப் பின் அரசு 1952-இல் மேகநாத் சாகா தலைமையில் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவை அமைத்தது. அதன் பயனாக 1957 மார்ச் 22 முதல் தேசிய நாட்காட்டி வழக்கிற்கு வந்தது. கண்கூடான வானத்தோடு ஒத்த கணக்கில் ராஷ்ட்ரிய பஞ்சாங்கமும் வெளிவரலாயிற்று.

காவலூரின் திருத்தம்

பார்ப்பவர்களுக்கும் பிழை நேரும். காவலூரிலேயே ஒரு சான்று உண்டு. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கிரகம் ஒரு விண்மீனின் அருகே கடந்து செல்லவிருந்தது. ஒரு மீட்டர் தொலைநோக்கியில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அவ்விண்மீனின் ஒளியை அளந்துகொண்டிருந்தனர். கிரகம் நெருங்கும் முன்பே ஒளி சில விநாடிகள் மங்கி மீண்டது. யுரேனஸுக்குப் புதிய துணைக்கோள் ஒன்று இருக்கிறது என்று அவர்கள் முதலில் எழுதினர். அதே இரவு அமெரிக்க அறிஞர்கள் ஒரு விமானத்தில் பொருத்திய தொலைநோக்கியால் கண்டவற்றோடு ஒப்பிட்டபோது உண்மை தெரிந்தது. அது துணைக்கோள் அன்று. சனிக்கு இருப்பதுபோல் யுரேனஸையும் சுற்றியிருக்கும் வளையங்கள். காவலூர் அறிஞர்கள் தம் முதல் முடிவைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. வளையங்கள் என்றே பின்னர் எழுதினர்.

1988 பிப்ரவரி 17 அன்று இங்கு ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டறிந்தார். அதற்குக் கணித மேதை ராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்தியாவிலிருந்து சிறுகோள் எதுவும் கண்டறியப்படாத நிலையில் நிகழ்ந்த கண்டுபிடிப்பு அது. அந்தத் தேடல் திட்டத்திற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'கல்கி'. இதைக் கேட்டதும் அண்ணா கைகூப்பினார்.

பாதி நிலவின் கீழ்

பொதுமக்களை அனுமதிக்கும் நேரம் முடிந்து நாங்கள் வெளியே வந்தபோது மாலை மயங்கியிருந்தது. காலையில் சப்தமி, அப்போது அட்டமி. உச்சியிலிருந்து சற்றே மேற்கில் சாய்ந்து பாதி நிலவு நின்றது. மேற்கே சுக்கிரன் பளிச்சிட்டது. அதற்கு மேலே குரு. செவ்வாய் ரோகிணியின் அருகில் சிவந்திருந்தது. இருள் கூடியதும் தென்கிழக்கே அகத்தியரைப் பேரனுக்குக் காட்டினேன். நாடெங்கும் விவாதத்திற்குள்ளாகியிருந்த சனி மட்டும் மரங்களுக்குப் பின்னே அடிவானத்தில் மறைந்துவிட்டார்.

அன்றிரவு ஒன்பது மணிக்குச் சற்று முன்னர் நிலவு சரியாக 90 பாகையை எட்டும் என்பது கணக்கு. மலையிறங்கி ஆலங்காயத்தில் தேநீர் அருந்த நின்றபோது அந்நேரம் வந்தது. மூவரும் அண்ணாந்து பார்த்தோம். ஒளிக்கும் இருளுக்கும் நடுவே ஒரு நேர்கோடு. இரண்டரை பாகை வேறுபாட்டை வெறுங்கண்ணால் பிரித்தறிய முடியாது என்பது உண்மை; அதற்குத்தான் கருவிகள். ஆயினும் அண்ணா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரமேசுவரர் ஐம்பத்தைந்து வருஷம் இப்படித்தான் பார்த்திருப்பார்" என்றார். சற்று நேரம் கழித்து, "அப்பா ஒரு நாளும் என்னை அண்ணாந்து பார்க்கச் சொன்னதில்லை. பஞ்சாங்கத்தைத்தான் பார்க்கச் சொன்னார்" என்றார்.

எனக்கு அப்போது வேறொன்று புலப்பட்டது. வானத்தைப் பொறுத்தவரை என் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் அந்த நியாயத்தைக் கொண்டு நான் செய்தது என்ன? ஒரு தந்தையின் சிராத்தத்தை இரண்டாகப் பிரித்தேன்.

ஊர் திரும்பியதும் எங்கள் குடும்பப் புரோகிதரிடம் இருவரும் சேர்ந்தே சென்று கேட்டோம். அவர் தயங்காமல் சொன்னார்: "சந்திரன் எங்கே இருக்கிறார் என்று கேட்டால் திருக்கணிதம் பார்க்கச் சொல்வேன். நீங்கள் கேட்பது அதுவன்று. குடும்பத்திற்கு ஒரு பஞ்சாங்கம் போதும். மூத்தவர் வீட்டில் எதுவோ அது. மாற்ற வேண்டுமென்றால் இருவரும் கூடி மாற்றுங்கள். தனித்தனியே மாற்றாதீர்கள்."

அவ்வாண்டு ஆனியில் அண்ணா வீட்டில், அவர் பஞ்சாங்கம் காட்டிய நாளில், இருவரும் சேர்ந்தே சிராத்தம் செய்தோம். திருக்கணிதத்தின் மீது எனக்குள்ள நம்பிக்கை சிறிதும் குறையவில்லை. அண்ணாவோ இப்போது கிரகண நேரங்களுக்கு என்னைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கிறார். குடும்பத்தின் பஞ்சாங்கத்தை மாற்றுவதா என்பதை இருவரும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். அவசரமில்லை. பரமேசுவரருக்கே ஐம்பத்தைந்து ஆண்டு ஆயிற்று.

அன்பர்களுக்கு இரண்டு வேண்டுகோள். உங்கள் ஊர்க் கோயில் எந்தப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகிறது என்பதைக் குருக்களிடமோ பட்டாசாரியாரிடமோ கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெயர்ச்சி நாளிலும் ஏகாதசியிலும் வீண் குழப்பமும் வீட்டில் வீண் வாதமும் தவிரும். மற்றொன்று, அடுத்த வளர்பிறை அட்டமி மாலையில் பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடிக்குச் சென்று அந்தப் பாதி நிலவைக் காட்டுங்கள். பஞ்சாங்கத்தில் அச்சாகியிருக்கும் எழுத்து மேலே ஒளியாக நிற்பதை அவர்கள் காணட்டும்.

எங்கள் தாயார் கேட்ட கேள்விக்கு இன்று என்னிடம் ஒரு பதில் உண்டு. பிள்ளைகள் ஒன்றாக நிற்கும் நாளில் அப்பா வருவார்.